நான்கு மணி நாற்காலியின் சூடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது திருட்டுக் கதை. யாரிடமிருந்து திருடினேன் என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு நாற்காலியிலிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஒரு மனநல ஆலோசகரின் அறை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஐந்து மணி என்னுடையது. நான்கு மணி வேறொருவருடையது. நான்கு ஐம்பதுக்கு அவர் எழுந்து போவார், ஐந்துக்கு நான் போய் அதே நாற்காலியில் உட்காருவேன். பத்து நிமிடத்தில் ரெக்சின் மெத்தை ஆறிவிடாது. இப்படி ஏழு மாதம், முன்பின் தெரியாத ஒருவர் விட்டுப்போன சூட்டில் உட்கார்ந்து என் கவலைகளைச் சொல்லியிருக்கிறேன். பேருந்தில் இப்படி உட்கார நேர்ந்தால் முகத்தைச் சுளிப்பேன். அங்கே எனக்கு அது பிடித்திருந்தது. [ஏன் பிடித்தது என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அதில் என்மீது நானே கொஞ்சம் அதிகமாக இரக்கப்பட்டிருந்தேன்.]

போன செவ்வாய்க்கிழமை நாற்காலி சில்லென்று இருந்தது.

அன்றைக்குத்தான் ஆலோசகர், ஏழு மாதத்தில் முதல் முறையாக, எனக்கு ஓர் அறிவுரை சொன்னார். எந்தக் கதையைத் தொடங்கினாலும் முடிக்க வரவில்லை என்பதுதான் நான் அவரிடம் கொண்டுபோகும் புகார். வழக்கமாக அவர், "முடிக்கிறதுல ஏதோ ஒரு பயம் இருக்கிற மாதிரி கேக்குது," என்பார். அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஏதாவது ஒண்ணை எழுதி முடிச்சுத் தொலைங்களேன்," என்றார். சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டுப் போனார். நானும்தான்.

ஆகவே எழுதுகிறேன். முடித்தே தீர வேண்டும் என்பது உத்தரவு.

2

என் பிழைப்பையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சாமான் வாங்கினால் உள்ளே ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, யாரும் பிரிக்காமல் அலமாரியில் போடுவார்களே, அதை எழுதவும் ஓர் ஆள் வேண்டுமல்லவா? நான்தான் அது. ஈரக் கையால் தொடாதீர்கள். மூடியைத் திறப்பதற்கு முன் நிறுத்துங்கள். பகல் முழுவதும் உத்தரவு போடுகிறேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதனால்தானோ என்னவோ, உத்தரவே போடாத ஒருவர் எதிரில் உட்கார்வது எனக்குச் சுகமாக இருந்தது.

இனி, என்னிடம் நிஜமாக இருப்பவை. நான்கு மணிக்காரரை மாடிப்படியில் பார்த்திருக்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயது. ஆரஞ்சு நிற மேல்சட்டை, முதுகில் 'டவர் கிரேன்' என்று எழுத்து, நெற்றியில் ஹெல்மெட் பட்டை பதிந்த தடம். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். பிடித்த கை நடுங்கும். பிறகு ஒரு வாரம் பார்த்தால் நடுக்கம் இல்லை. இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி, என்னைப் பார்த்து, "நல்லா இருங்க! நல்லா இருங்க!" என்று இரண்டு தடவை வாழ்த்திவிட்டுப் போனார். அதற்குச் சில வாரம் கழித்து, நான் வெளியே காத்திருந்தபோது, மூடிய கதவுக்குப் பின்னால் ஆலோசகர் தொலைபேசியில் பேசியது காதில் விழுந்தது. "இல்லம்மா, நான் சொல்லல. அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான்." அடுத்த வாரம் நாற்காலி ஆறியிருந்தது.

இவ்வளவுதான் என் கைமுதல். மற்றதெல்லாம் நானே இட்டுக்கட்டியது. ஆலோசகரிடம் கேட்டால் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. செய்தித்தாளில் ஏதாவது வந்திருக்குமோ என்று பயந்து ஒரு வாரமாக நான் செய்தித்தாளைப் பிரிக்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த மனிதர் பத்திரமாக இருக்கிறாரா? உங்களுக்கும் இனிமேல் அதுதான் கவலையாக இருக்க வேண்டும்.

3

முதல் தொடக்கம்: 'காலையில் கண்விழித்ததும் கிரேன்காரர் தன் கையைத் தூக்கிப் பார்த்து—'

வேண்டாம். கண்விழிப்பில் தொடங்கும் கதையைப் படித்தால் எனக்குத் தூக்கம் வருகிறது.

இரண்டாம் தொடக்கம்: 'அவர் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் அழுதார்.' யார் அழுதார் என்று எழுதிய எனக்கே விளங்கவில்லை. மரியாதையால் வந்த வினை. ஆகவே கதைக்குள் கிரேன்காரரை அவன் என்றும் ஆலோசகரை அவள் என்றும் எழுதப்போகிறேன். இருவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் பார்த்தால் எழுந்து நிற்கிற ஆள்தான் நான்.

மூன்றாவதுதான் நிற்கிறது.

4

அவள் அறிவுரை சொல்ல மாட்டாள். சொல்லாமல் இருப்பதற்குத்தான் இரண்டு வருடம் படித்தாள்.

அவள் படித்த முறைக்கு மனிதநேய உளவியல் என்று பெயர். மனிதன் பழுதுபார்க்க வேண்டிய பெட்டி இல்லை. ஒவ்வொருவருக்குள்ளும் தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டு வளரும் விருப்பம் இருக்கிறது. எதிரே இருப்பவர் தீர்ப்புச் சொல்லாமல், நிபந்தனை போடாமல், நடிக்காமல் அவரை அப்படியே ஏற்றுக்கொண்டு காதுகொடுத்தால் போதும், அவரே வழியைக் கண்டுகொள்வார். அந்த முறை இப்படி நம்புகிறது. வந்தவர் சொன்னதை, அதன் அடியில் இருக்கும் உணர்ச்சியோடு, அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். தன் முகத்தைத் தானே பார்க்க ஒரு கண்ணாடி வேண்டியிருப்பதைப் போல என்று அவளுடைய பயிற்சியாசிரியை சொல்லுவாள். அறிவுரை சொல்ல நாக்குத் துடித்தால் என்ன செய்வது என்று வகுப்பில் ஒருவர் கேட்டதற்கு, "தண்ணி குடிங்க," என்றாளாம் அந்த ஆசிரியை.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: தண்ணீர் பாட்டில் நிஜம். பச்சை நிறம். என் ஐம்பது நிமிடத்தில் அவர் எட்டுப் பத்துத் தடவை குடிப்பார். தாகம் என்று நினைத்தேன். எத்தனை அறிவுரை எனக்கு வராமலே அவர் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று இப்போது கணக்குப் பார்க்கிறேன்.)

பழக்கம் வீட்டிலும் விடவில்லை. "எந்தக் கல்லூரில சேரட்டும்மா?" என்று மகள் கேட்டால், "எங்க சேர்ந்தா உனக்கு நிம்மதியா இருக்கும்னு தோணுது?" என்பாள். "அம்மா, நான் உன் நாலு மணி ஆளும் இல்ல, அஞ்சு மணி ஆளும் இல்ல. பெத்த பொண்ணு. வாயைத் திறந்து சொல்லு," என்று மகள் கத்துவாள். அவள் கணவன் அந்தப் பக்கமாக, "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் சாப்பிட என்ன இருக்குன்னு சொல்லுங்க," என்று கேட்டுக்கொண்டே போவான்.

[மகளையும் கணவனையும் நானாகச் சேர்த்தேன். அவருக்குக் கல்யாணம் ஆனதா என்றே தெரியாது. இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் சிரித்தால், அடுத்து வருவதைத் தாங்குவீர்கள் என்று ஒரு கணக்கு.]

5

கிரேன்காரனை முதலில் கூட்டிவந்தது அவன் மனைவி. அதற்கு முன் நான்கு நாள் அவன் கண்மூடவில்லை. வீட்டில் நிறுத்தாமல் பேசினான், பாத்திரத்தையெல்லாம் இறக்கித் திரும்ப அடுக்கினான். வேலையில்லாத ஒரு விடுமுறை நாளில் கிரேன் மேல் ஏறி, கேபினில் உட்கார்ந்து, வாக்கிடாக்கியில் ஒரு மணி நேரம் பேசினான். கீழே கேட்க ஓர் ஆள் கிடையாது. காவலாளி பார்த்துத்தான் இறக்கினார்கள். அதன் பிறகு மூன்று மாதம் படுக்கையைவிட்டு எழவில்லை. மனம் ஒரேயடியாக மேலே ஏறி, ஒரேயடியாகக் கீழே விழும் நோய். மருத்துவர் மாத்திரை எழுதினார். அவன் அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினான்.

அவள் மாத்திரையைப் பற்றிக் கேட்கவே இல்லை. பதினொரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் வேலையைப் பற்றித்தான் பேசினான். இருபது மாடி உயரத்தில் தனியாக உட்காருவது, கீழே சைகைக்காரன் என்று ஒருவன் நின்றுகொண்டு வாக்கிடாக்கியில் உத்தரவு போடுவது. "கொக்கியை இறக்கும்பான். நான் 'கொக்கியை இறக்குறேன்'னு திருப்பிச் சொல்லணும். சொன்னது அப்படியே திரும்பி வந்தாத்தான், மேடம், லீவரை நகத்தலாம். வராட்டி, ஒரு இஞ்சு அசைக்கக் கூடாது. அதுதான் சட்டம்."

இன்னொன்றும் சொன்னான். "வேலை முடிஞ்சு இறங்கும்போது கிரேனோட நீளக் கை இருக்கே, பூம், அதைப் பூட்டக் கூடாது. விட்டுடணும். காத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அதுவா திரும்பிக்கும். பூட்டி வெச்சா, காத்து கிரேனையே சாச்சுடும்."

இரண்டாவதை அவள் அன்றே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அவள் படித்த படிப்பின் சாரத்தை ஒரு கிரேன்காரன் இரண்டு வரியில் சொல்லிவிட்டான் என்று அவளுக்குச் சந்தோஷம். முதலாவதை எழுதிக்கொள்ளவில்லை.

பதினோராவது வாரம் அவன், "மேல உக்காந்திருக்கிறது நான், ஓட்டுறது கீழ இருக்கிறவன். வீட்டுலயும் அப்படித்தான். மாத்திரை போடு, போடுன்னு," என்றான்.

"உங்க வாழ்க்கையோட லீவர் உங்க கையில இல்லாத மாதிரி இருக்கு," என்றாள் அவள்.

அவன் அழுதான். அடுத்த வாரம் வந்து, "மாத்திரையைப் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். யாரும் சொல்லல. நானாத்தான்," என்றான். அவள் திருப்பிச் சொன்னாள்: "நீங்களாவே போட்டுப் பாக்கலாம்னு முடிவெடுத்திருக்கீங்க." அன்று முதல் போட்டான். நோய் அடங்கியது. தூங்கினான், எழுந்தான், வேலைக்குப் போனான். "நாங்க கெஞ்சினோம், டாக்டர் மிரட்டினார், ஒண்ணும் நடக்கல. நீங்க சும்மா கேட்டே நடத்திட்டீங்க," என்று மனைவி தொலைபேசியில் தழுதழுத்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தத் தொழிலை ஏழு பிறவிக்கும் செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

6

பழைய புத்தகக் கடையில் தேர்வு வழிகாட்டி ஒன்று வாங்கினேன். 'மனிதநேய அணுகுமுறையின் நிறை குறைகளை விவரி. பத்து மதிப்பெண்.' முன்பு வைத்திருந்த மாணவரோ மாணவியோ பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, நிறைகளைச் சிவப்பு மையால் அழகாக எழுதியிருந்தார். மனிதரை நோயாகப் பார்க்காமல் முழு ஆளாகப் பார்க்கிறது. அவருடைய விருப்பத்தை மதிக்கிறது. ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையில் நம்பிக்கையை வளர்க்கிறது. குறைகள் பக்கத்தில் பென்சிலில் மூன்றே சொற்கள்: 'அளக்க முடியாது. மங்கல்.' அதற்குமேல் தூங்கிவிட்டார் போலிருக்கிறது.

நான் பாக்கியை நிரப்பிப் பார்த்தேன். எல்லோருக்குள்ளும் வளரும் விருப்பம் இருக்கிறது என்பது நல்ல நம்பிக்கை. ஆனால் நோயும் அந்த மனிதரின் குரலிலேயே பேசும், 'இதுதான் நான்' என்று சொல்லும், அப்போது எதை மதிப்பது? தன் விருப்பம், தன் வழி என்று ஒருவரையே சுற்றுகிறது. அவருக்குக் கீழே நிற்பவர்களை நினைப்பதில்லை. கிரேன் விஷயத்தில் 'கீழே நிற்பவர்கள்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அங்கே ஆட்கள் நிற்கிறார்கள். வழி கேட்டவருக்கு வழி காட்டாமல்—

இங்கே நிறுத்திவிட்டேன். கிரேன்காரனை எந்தப் பக்கத்தில் எழுதினாலும் கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய்விடுகிறான். அவனை மாத்திரை போட வைத்ததும் அந்தக் காதுதான். அடுத்து வரப்போவதற்குக் காரணமும் அதே காதுதான்.

7

மாத்திரை மனத்தை அடக்கியது, கையை நடுங்க வைத்தது. கை நடுங்குகிறவனைக் கேபினில் ஏற்ற மாட்டார்கள், அது நியாயம்தான். அவனைக் கீழே சாமான் அறையில் போட்டார்கள். போல்ட்டையும் நட்டையும் தரம் பிரிக்கும் வேலை. பத்தொன்பது வருடம் ஊரைத் தலைக்கு மேலிருந்து பார்த்தவன், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான்கரை மணிக்கு அவன் சொன்னான்: "மாத்திரையை நிறுத்தினா கை நிக்கும். கை நின்னா மேல போயிடுவேன். மேல போனா நான் பழையபடி நானா இருப்பேன்."

அவள் நாக்கின் நுனியில் ஒரு கேள்வி நின்றது. சின்னக் கேள்வி, மருந்துக் கடைக்காரர்கூடக் கேட்டிருப்பார்: கை நடுங்குறதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா? அளவைக் குறைக்க வழி இருக்கலாம், வேறு மாத்திரை இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியின் வாலில் ஓர் அறிவுரை ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்டால், 'போடு, போடு' என்கிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி ஆகிவிடுவாள். பதினொரு வாரம் கட்டிய நம்பிக்கை. அவள் பச்சை பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள்.

பிறகு, படித்தபடியே, கனிவாக, ஒரு பிசகும் இல்லாமல் சொன்னாள்: "மாத்திரையை நிறுத்தினா, மேல போய், பழையபடி நீங்களா இருக்கலாம்னு தோணுது."

சொன்னது அப்படியே திரும்பி வந்தது. பத்தொன்பது வருடமாக அப்படித் திரும்பி வந்தால் என்ன அர்த்தமோ, அந்த அர்த்தத்தில்தான் அவன் எடுத்துக்கொண்டான். "சரி மேடம்," என்று எழுந்தான். லீவரை நகர்த்தினான்.

அவள் அந்த 'சரி'யில் ஒரு நிம்மதியைக் கேட்டு, குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டாள்.

8

இரண்டு வாரத்தில் கை நின்றது. ஒரு மாதத்தில் கேபினைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவன் வந்து வேகமாகப் பேசினான், சிரித்தான், மணி முடிவதற்குள் எழுந்தான். அவளுக்குள் எங்கோ மணி அடித்தது. 'சந்தோஷமாக இருப்பவரிடம் போய், நீ ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாய் என்று குற்றம் சொல்வதா?' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள்.

பிறகு அந்தத் தொலைபேசி. அவன் படியிறங்கிப்போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"மேடம், மூணு நாளா அவர் தூங்கல. மாத்திரையும் போடல. கேட்டா, மேடமே சொல்லிட்டாங்கன்னு சொல்றார். நீங்களா சொன்னீங்க?"

"இல்லம்மா, நான் சொல்லல. அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான்."

"அவருக்கு ரெண்டும் ஒண்ணுதானே மேடம்? அவர் வேலையே அதுதானே?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் மாதமே அவன் சொன்னான். அவள் எழுதிக்கொள்ளவில்லை.

(இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால், அந்தத் தொலைபேசியை வைத்துவிட்டு அவர் கதவைத் திறந்து என்னைத்தான் உள்ளே அழைத்தார். நான் ஐம்பது நிமிடம் என் கதையின் மூன்றாவது பத்தியைப் பற்றிப் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ஒரு வாய்கூடத் தண்ணீர் குடிக்கவில்லை. கேட்கவே இல்லையோ என்னவோ.)

9

மறுநாள் பிற்பகல் அவள் கட்டடம் எழும் இடத்துக்குப் போனாள்.

கதாபாத்திரங்கள் தாங்களாகவே கிளம்பிவிட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் பீற்றிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். நம்பாதீர்கள். நான்தான் அனுப்பினேன். ஆலோசகர்கள் இப்படி அறையை விட்டு ஓடமாட்டார்கள். மருத்துவரைக் கூப்பிடுவார்கள், மனைவியிடம் வழி சொல்வார்கள். அவளும் காலையிலேயே மருத்துவரைக் கூப்பிட்டாள். 'உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்,' என்றார். கூட்டிக்கொண்டு வர வேண்டியவன் இருபது மாடி உயரத்தில் இருந்தான். மனைவி அழைத்தால் எடுக்கவில்லை. நான்கு நாளாகத் தூங்காதவனின் கையில் இரண்டு டன் இரும்புக் கம்பிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் அனுப்பினேன். இதில் எனக்கு வருத்தம் இல்லை.

வாசலில் ஒரு ஹெல்மெட்டைக் கொடுத்தார்கள். அது அவளுக்குப் பெரிதாக இருந்தது, கண்வரை இறங்கியது. கம்பி, சிமெண்டு மூட்டை, தண்ணீர்க் குட்டை எல்லாவற்றையும் தாண்டி, வாக்கிடாக்கி வைத்திருந்த சைகைக்காரனிடம் போய் நின்றாள்.

"மேல இருக்கிறவரைக் கொஞ்சம் கீழ வரச் சொல்லணும்."

"நீங்க யாரும்மா?"

யார் என்று சொன்னாலே அவன் ரகசியம் போய்விடும். "தெரிஞ்சவங்க. அவசரம்."

"நான் காலையில இருந்து சாப்பிட வான்னு கூப்பிடறேன், அவர் எங்க வராரு? பாட்டுப் பாடறாரு. இன்னிக்கு ஆள் சூப்பர் மூடுல இருக்காரு," என்று சைகைக்காரன் சிரித்தான். "பேசணும்னா இதுலதான் பேசணும். ஆனா ஒண்ணு, எல்லா செட்லயும் கேக்கும்."

அவள் அதை வாங்கினாள். பொத்தானை எப்படி அழுத்துவது என்று அவன் காட்டினான். மாத்திரை என்று சொல்லக் கூடாது. டாக்டர் என்று சொல்லக் கூடாது. தூக்கம் என்றுகூடச் சொல்லக் கூடாது, முப்பது பேர் கேட்பார்கள், நாளைக்கு அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். ஆனால் இந்த முறை கேள்வி கேட்டாலும் உதவாது, திருப்பிச் சொன்னாலும் உதவாது. ஏழு பிறவிக்கும் செய்ய நினைத்த தொழிலுக்கு வெளியே ஓரடி எடுத்து வைத்தாக வேண்டும். பாட்டில் கைப்பையில் இருந்தது. அவள் எடுக்கவில்லை.

பொத்தானை அழுத்தினாள்.

"நான் செவ்வாய்க்கிழமை நாலு மணி பேசறேன்," என்றாள். "வேலை முடிஞ்சுது. சுமையை இறக்கி வெச்சுட்டு, பூமைக் காத்துக்கு விட்டுட்டு, கீழ இறங்கி வாங்க."

மேலே பாட்டு நின்றது. கம்பிக்கட்டு கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அசையாமல் தொங்கியது. வாக்கிடாக்கியில் இரைச்சல் மட்டும் வந்தது. சைகைக்காரன் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தான்.

எத்தனையோ பேர் சொன்னதை அவர்களுக்கே திருப்பிச் சொன்னவள், வாழ்க்கையில் முதல் முறையாக, தான் சொன்னதை ஒருவர் திருப்பிச் சொல்ல வேண்டுமே என்று அண்ணாந்து நின்றாள். 'கீழ இறங்கி வரேன்.' மூன்றே சொல். வராவிட்டால் மேலே எதுவும் அசையாது. அல்லது, வராமலே அசையும்.

10

இங்கேதான் ஆறு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு முடிவு: அவன் திருப்பிச் சொல்கிறான், இறங்கி வருகிறான், மருத்துவரிடம் போகிறான், வேறு மாத்திரை, நடுங்காத கை. இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தால் என் கையேட்டின் கடைசிப் பக்கம் மாதிரி இருந்தது, எல்லாப் பழுதுக்கும் எதிரே ஒரு தீர்வு.

இன்னொன்று: இறங்கி வருகிறான், ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் கடந்துபோகிறான். "நீங்களும் கீழ நிக்கிற ஆள்தானா மேடம்?" மாத்திரை போடுகிறான், உயிரோடு இருக்கிறான், அந்த அறைக்கு மட்டும் வருவதில்லை. நாற்காலி ஆறியிருந்ததற்கு இது பொருந்துகிறது. நேர்மையான முடிவு என்று இதைத்தான் நினைக்கிறேன். நேர்மையானது என்பதாலேயே எனக்கு இதைப் பிடிக்கவில்லை.

மூன்றாவது: கொக்கி—

எழுத மாட்டேன். நீங்கள் கேட்டாலும் எழுத மாட்டேன்.

பாத்திரம் போகிற வழியில் அதை விட்டுவிட வேண்டும், எழுதுகிறவர் குறுக்கே நிற்கக் கூடாது என்று நானும் சொல்லித் திரிந்தவன்தான். பூமைக் காற்றுக்கு விடுவது பெரிய விஷயம் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் அவள் சொன்ன அந்த வரியை எழுதிய பிறகுதான் ஒன்று தோன்றியது. காற்றுக்கு விடுவது ஆள் இறங்கிய பிறகு. ஆள் உள்ளே இருக்கும்வரை பிரேக் வேண்டும். [இது ரொம்பக் கச்சிதமாக வந்திருக்கிறது. கச்சிதமாக வந்ததால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கச்சிதமான வாக்கியங்கள்தான் அவளையும் ஏமாற்றின.]

11

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. இந்தத் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாற்பதுக்கே வந்துவிட்டேன். நான்கு ஐம்பதுவரை படியில் நின்றேன். யாரும் இறங்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் ஷட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இப்ப ஆரஞ்சுச் சட்டைக்காரர் யாராவது போனாரா?" என்று கேட்டேன். "நான் ஷட்டரைப் பாத்தேனா, படியைப் பாத்தேனா?" என்றார்.

மேலே கதவு திறந்திருந்தது. ஆலோசகர் வாசலில் நின்று, "வாங்க, எழுதினீங்களா?" என்று கேட்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் வைத்துக்கொள்ளத்தான் அவர் படித்திருக்கிறார்.

"எழுதினேன்."

"முடிச்சீங்களா?"

அவர் நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, நான்கு தெரு தள்ளி, அரைகுறைக் கட்டடமும் அதன்மேல் அந்தக் கிரேனும். நான்கு மணிக்காரர் வாரா வாரம் இதைப் பார்த்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார்; முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் ஆலோசகர் பார்க்கவில்லை. பூம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இருந்தாலும் திரும்பும். ஆள் இல்லாவிட்டாலும் காற்றுக்குத் திரும்பும். அவ்வளவு தூரத்திலிருந்து எது என்று சொல்ல முடியாது.

அவர் வந்தாரா என்று இந்த அறையில் சொல்லக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது. அது எனக்கு எதிரே காலியாக இருக்கிறது. பழுப்பு ரெக்சின், இடது கைப்பிடியில் ஒரு கிழிசல்.

"உட்காருங்க," என்கிறார் ஆலோசகர். இரண்டாவது உத்தரவு.

என்னால் முடியவில்லை. முடிக்கிறதில் ஏதோ ஒரு பயம். தாள்களைப் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறேன். ஆகவே நீங்கள் உட்காருங்கள். இவ்வளவு தூரம் கூட வந்தவர் நீங்கள்தானே? மெதுவாக, முழுப் பாரத்தையும் வைத்து உட்காருங்கள். சூடு இருந்தால் உடனே சொல்லுங்கள்.

இல்லையென்றால், ஒன்றும் சொல்லாதீர்கள். அப்படியே உட்கார்ந்து, நான் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருங்கள்.